மணிக்க நாக்கு

அமெரிக்காவில் வரி வசூலிக்க வந்தவன் மேல் சூடான தாரை ஊற்றி, தலையணையைக் கிழித்து இறகுகளை அப்பி, வண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள் என்று நான் சொல்லும்போது ஒன்பதாம் வகுப்பு எப்போதும் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். சரித்திர டீச்சருக்குப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்கும் இடம் வருடத்தில் ஒன்றிரண்டுதான் கிடைக்கும், அதை விடுவானேன்? தார் ஆறியபின் தோலோடுதான் உரிந்து வரும் என்பதை மட்டும் சொல்லமாட்டேன். பாடப்புத்தகத்திலும் அது கிடையாது.

அவர்கள் சிரிக்க இன்னொரு காரணமும் உண்டு. கரும்பலகையில் ‘காலனி மக்களின் எதிர்ப்பு’ என்று தலைப்பு எழுதினால் கடைசி பெஞ்சில் ஒருத்தன் இன்னொருத்தனை முழங்கையால் இடிப்பான். டீச்சரின் விலாசம் சுனாமி காலனி. எனக்குத் தெரியாமல் சிரிப்பதாக அவர்களுக்கு நினைப்பு.

அலை வந்து கரையோர வீடுகளைத் தின்ற பிறகு, எங்களைக் கடலிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டத்து மேட்டில் வரிசை வரிசையாக வீடு கட்டிக் குடியேற்றினார்கள். வீடு நல்ல வீடுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் இனயம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவனை ரப்பர் மரங்களுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தால், விடியற்காலையில் கடல் எப்படிக் கிடக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட முடியாது. சுற்றி இருந்தவர்கள் தோட்டமும் சம்பள வேலையும் உள்ளவர்கள், வேறு சபைக்காரர்கள். மீன் வாடை அவர்களுக்கு ஆகாது. வந்த மாதமே எங்களுக்குக் ‘காலனிக்காரங்க’ என்று பெயர் விழுந்துவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர்கூட எங்கள் நிறுத்தத்தை வேறொரு குரலில்தான் கூப்பிடுவார்.

அமெரிக்கப் பாடத்தில் நான் அழுத்திச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. ராஜா கடலுக்கு அப்பால் இருந்தார். அவர் மேல் ஒரு கல்கூட விழவில்லை. முத்திரைத்தாள் விற்க ஒத்துக்கொண்ட உள்ளூர்க்காரனின் வீட்டைத்தான் உடைத்தார்கள். அவனும் அந்தக் காலனிக்காரன்தான், அவர்களோடு ஒரே கோயிலில் முழங்காலிட்டவன்தான். ‘ஏன் அவனை அடித்தார்கள்?’ என்று கேட்பேன். ‘கைக்கு எட்டினான் டீச்சர்’ என்று ஒருத்தி ஒருமுறை பதில் சொன்னாள். முழு மதிப்பெண் போட்டேன். அந்தப் பதில் என் வீட்டு வாசலுக்கே வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் காலனியைக் கவனிக்க எத்தனையோ அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். பெரும்பாலும் தூங்குகிறவர்கள். தூங்குகிற அதிகாரியால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கடைசியாக வந்தவருக்குத் தூக்கம் வராத வியாதி போலிருக்கிறது. சமுதாயக் கூடத்தின் முன்னறையை ஆபீஸ் ஆக்கிக்கொண்டு விடிந்ததிலிருந்து வேலை பார்த்தார். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் தலைக்கு மேலே எதையோ பார்ப்பார். அதனால் எங்கள் ஆட்கள் அவருக்குத் துரை என்று பெயர் வைத்தார்கள். அவர் நல்ல கறுப்பு, நாகர்கோவில்காரர். பெயருக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை.

முதலில் சுவர்களில் வலை காயப்போடக் கூடாது என்றார். போட்டிருந்த ஒரு வலையைத் தன் கையாலேயே அறுத்தார். ஒரு வலை என்பது ஒரு வீட்டுச் சோறு. வலைக்காரன் அவர் சட்டையைப் பிடித்தான், அவர் அவனைச் செவிட்டில் அறைந்தார். மறுநாள் ஆபீஸ் கண்ணாடி உடைந்தது. பிறகு தெருவில் வெயிலில் மீன் உணக்கக் கூடாது என்றார். ஒரு கிழவி கேட்கவில்லை. அவள் பாயில் பரப்பியிருந்த நெத்திலி மேல் ஜீப்பை ஏற்றி ஓட்டச் சொன்னார். ஜீப் ஏறிப் போன பிறகு, ரோட்டில் ஒட்டிக் கிடந்ததை அந்தக் கிழவி நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். அன்று சாயங்காலமே பெண்கள் நாலைந்து பேர் மீன் கழுவிய தண்ணீரை அண்டா நிறையக் கொண்டுபோய் ஜீப் சீட்டில் கொட்டினார்கள். அதற்குத் தண்டனையாகத் தெருக்குழாயைப் பூட்டினார். இளவட்டங்கள் வைக்கோலில் ஒரு துரை செய்து, சட்டை மாட்டி, செருப்பால் அடித்துத் தெருத்தெருவாக இழுத்து, கடைசியில் அவர் ஆபீஸ் வாசலிலேயே கொளுத்தினார்கள். நானும் போய்ப் பார்த்தேன். பொம்மை நன்றாகவே எரிந்தது.

இதில் ஜீப்பை ஓட்டியது என் தம்பி. சீட்டைக் கழுவியதும், குழாய்க்குப் பூட்டு மாட்டியதும், எரிந்த வைக்கோலைப் பெருக்கியதும் அவன்தான்.

அலை எங்கள் அம்மாவைக் கொண்டுபோனபோது அவன் ஒரு தென்னையைக் கட்டிப் பிடித்துத் தப்பினான். அதற்குப் பிறகு அவன் கடலில் கால் நனைக்கவில்லை. கடலுக்குப் போகாத ஆண்பிள்ளையை எங்கள் கரையில் யாரும் ஆளாக மதிப்பதில்லை. பெண் கொடுக்கமாட்டார்கள், கூட்டத்தில் அவன் பேச்சு எடுபடாது. ஆட்டோ ஓட்டினான், கொத்தனாருக்குச் சாந்து குழைத்தான், கடைசியில் துரைக்கு டிரைவரும் காவலாளியுமாக ஆனான். என் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தான். என் கணவர் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர், வாரக்கணக்கில் இருக்கமாட்டார். அந்த நாட்களில் எனக்கும் பிள்ளைகளுக்கும் ஆண் துணை தம்பிதான். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகும். அத்தான் கரைக்கு வந்தால் கேரம் போர்டை எடுத்துத் துடைத்து வைப்பான்.

துரையின் கடைசி உத்தரவு மணியைப் பற்றியது. எங்கள் காலனி முகப்பில் ஒரு குருசடி இருக்கிறது, சிலுவை வைத்த சின்னக் கோயில். அதன் பக்கத்தில் ஒரு கம்பத்தில் பழைய மணி. அலைக்குப் பிறகு மணலுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, எட்டுப் பேர் தோளில் சுமந்து கொண்டுவந்தது அது. எங்களுக்கு மணி என்றால் பூசைக்கு மட்டும் இல்லை. கடலில் ஒரு வள்ளம் கவிழ்ந்தால், போனவன் திரும்பவில்லை என்றால், விடாமல் அடிப்பார்கள். கூட்டமணி என்று பெயர். அதைக் கேட்டால் சோற்றில் கை வைத்திருப்பவன் அப்படியே எழுந்து ஓடவேண்டும். ஓடாதவனுக்கு மறுபடி இந்த ஊரில் தண்ணீர் கிடைக்காது.

அதை அடிப்பவர் கோயில்பிள்ளை. கோயில் வேலை எல்லாம் பார்க்கிற வயதானவர். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் பங்குச் சாமியாருக்குக்கூட மறந்திருக்கும். மணி அடிக்கிறவர் என்பதால் சின்னப் பிள்ளையிலிருந்து பெரியவர்வரை அவரை மணி என்றுதான் சொல்வோம். தொங்குவதும் மணி, அடிப்பவரும் மணி. அத்தனை வருடத்தில் ஒருத்தருக்கும் அதில் குழப்பம் வந்ததில்லை.

அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொன்னார்கள். துரை மணியையே கழற்றி லாரியில் ஏற்றி அனுப்பிவிடத் தீர்மானித்துவிட்டார். தம்பி அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மணிக்குள் தொங்குகிற நாக்கை மட்டும் எடுத்தால் போதும், சத்தம் நின்றுவிடும் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்திருக்கிறான். நாக்கை எப்போது வேண்டுமானாலும் திருப்பி மாட்டலாம், மணி போனால் போனதுதான் என்பது அவன் கணக்கு. சாயங்காலம் ஏணி போட்டு ஏறி, துருப்பிடித்த வளையத்தை அறுத்து, நாக்கை எடுத்துத் துண்டில் பொதிந்து ஆபீஸ் அலமாரியில் வைத்தான். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான். நான் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டேன். இந்த ஆளுக்கு ஊழியம் பார்த்து நீ கெட்டுப்போவாய் என்றேன். அவன் நான் பேசி முடிக்கும்வரை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு, ‘மணி இஞ்சதான இருக்கு அக்கா’ என்று மட்டும் சொன்னான். அந்தப் பதிலில் எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது. சரியான பதில் என்பது ஆத்திரம் தணிந்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் கோயில்பிள்ளை கயிற்றை இழுத்தார். சத்தம் வரவில்லை. திரும்ப இழுத்தார். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர் வீட்டைப் பூட்டிவிட்டு, திருவட்டாற்றில் இருக்கும் மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மனசு விட்டுப்போனால் மனிதன் இப்படித்தான் போவான்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி அழுகையும் மூக்கைச் சிந்தலுமாகத் தன் புருஷனுக்குக் கைபேசியில் குரல் செய்தி ஒன்று அனுப்பினாள். அதை நான் பிறகு பலமுறை கேட்டேன். போலீசும் கேட்டது. ‘துரை மணிக்க நாக்கை அறுத்துட்டான். நம்ம டீச்சருக்க தம்பிதான் ஏறி நின்னு அறுத்துக் குடுத்தான். பாவம், சத்தமே வரல்ல.’

ஒரு சொல்லும் பொய்யில்லை. எங்கள் பேச்சில் மணியின் நாக்கு என்று சொல்லமாட்டோம், மணிக்க நாக்கு என்போம். ஆளுக்கும் அதே ‘க்க’, பொருளுக்கும் அதே ‘க்க’.

அவள் புருஷனுக்கு என் கணவர் போகும் அதே படகில்தான் வேலை. துறைமுகத்தில் மீன் இறக்கிக்கொண்டிருந்தார்கள், பல நாள் கடலில் கிடந்து கரை கண்ட நாள். எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் அவன் அதைச் சத்தமாக வைத்துக் கேட்டான், சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அவர்களுக்கு வேறு அர்த்தம் தோன்றவே இல்லை. வலையை அறுத்தவன், ஆளை அறைந்தவன், நெத்திலி மேல் ஜீப்பை ஏற்றியவன், நாக்கை அறுக்கமாட்டானா? கோயில்பிள்ளைக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் போனில் சார்ஜ் இருக்கும் நாளே அபூர்வம். யாரோ காலனிக்குக் கூப்பிட்டு மணி எங்கே என்று கேட்க, வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பதில் வந்தது. அவ்வளவுதான். பக்கத்துப் படகுகளின் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். மீன் ஏற்ற வந்த இரண்டு டெம்போக்களில் மீனைத் தரையில் தள்ளிவிட்டு இவர்கள் ஏறினார்கள்.

நான் பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது டெம்போக்கள் என்னைக் கடந்து போயின. துடுப்பு, இரும்புக் கம்பி, மீன் வெட்டும் கத்தி எல்லாம் இருந்தன. உடம்பில் உப்பு பூத்திருந்தது. கூட்டத்தில் என் கணவரையும் பார்த்தேன். மணிக்காக வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், துரைக்கு இன்றைக்கு நல்லா வேணும் என்றுகூட நினைத்தேன்.

கல் எறி தொடங்கியபோது காலனிப் பெண்களும் ஓடிவந்து சேர்ந்தார்கள். அவர்கள் மணிக்காகத்தான் கத்தினார்கள். கடலிலிருந்து வந்தவர்கள் மனிதனுக்காகக் கத்தினார்கள். இரண்டு கூட்டமும் ‘மணிக்க நாக்கைக் குடு’ என்றுதான் கத்தியது. ஒரே வார்த்தை, அதனால் யாரும் யாரையும் திருத்தவில்லை. முதல் கல் ஜன்னலில் விழுந்தது. அடுத்தடுத்து எத்தனை என்று தெரியாது. கூரை ஓடுகள் உடைந்து உள்ளே விழுந்தன. ஜீப்பைப் பத்துப் பதினைந்து பேர் பிடித்து ஆட்டி ஆட்டிக் கவிழ்த்தார்கள். அது கவிழ்ந்தபோது ஆண்களும் பெண்களும் எழுப்பிய சத்தம் சந்தோஷச் சத்தம். ஒருத்தன் துணியில் தீ வைத்துப் போட்டான். சீட்டும் டயரும் பிடித்துக்கொண்டன, கறுப்புப் புகை ரப்பர் மரங்களுக்கு மேலே ஏறியது.

துரை முதல் கண்ணாடி உடைந்ததுமே பின்பக்கக் கழிவறைச் சுவரில் ஏறிக் குதித்து ரப்பர் தோட்டத்துக்குள் ஓடிவிட்டார். தோட்டத்து வீடொன்றில் அவரைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தார்களாம். அவர் முட்டியில் சிராய்ப்பு. வேறு ஒன்றும் இல்லை. ஓடும்போது தம்பியிடம் கதவைப் பூட்டிக்கொண்டு வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறார். அவன் பூட்டினான், நின்றான். அவனுக்கு அந்த அளவுக்குத்தான் புத்தி. நம் ஆட்கள்தானே, சொன்னால் கேட்பார்கள் என்று நின்றிருக்கிறான்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய்ச் சேர்ந்தபோது துடுப்பு வைத்திருந்த ஒருவன் அவன் கழுத்துச் சட்டையைப் பிடித்திருந்தான். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்.

‘மணி எங்கலே?’

தம்பி புகைக்கு அப்பால் கையை நீட்டிக் காட்டினான். ‘அங்ஙன தொங்குதுல்லா.’

ஆள் தூக்கில் தொங்குவதாகத்தான் அவர்கள் காதில் விழுந்தது. துடுப்புக்காரன் சட்டையை இன்னும் இறுக்கினான். ‘நாக்கு?’

‘அலமாரியில இருக்கு. நாந்தான் துண்டில பொதிஞ்சு பத்திரமா வெச்சிருக்கேன்.’

அவனைக் காப்பாற்றும் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னான். நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். மனித முகம் அப்படி மாறி நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. துடுப்பு அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் மரக்கிளை முறிகிற மாதிரிதான் இருந்தது. அவன் விழவில்லை, ‘எதுக்கு?’ என்று கேட்டான். உண்மையாகவே தெரியாமல் கேட்டான். அடுத்த அடி வாயில், யார் கை என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை. கீழே தள்ளி மிதித்தார்கள். கம்பியால் அடித்தார்கள். கையில் ஒன்றும் இல்லாதவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டார்கள். நெத்திலிக் கிழவி குனிந்து அவன் தலைமயிரைப் பிடித்துத் தரையில் மோதினாள். அவள் எனக்கு உறவுமுறையில் பெரியம்மா, என் தம்பிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவள்.

நான் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்தினேன் என்றால், என் கணவரைப் பார்த்து. அவர் நாலைந்து ஆட்களுக்கு அப்பால் நின்றிருந்தார். பெயர் சொல்லி, பிள்ளைகள் பெயர் சொல்லி, வாயில் வந்த கெட்டவார்த்தை எல்லாம் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. கேட்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். ஒரு பெண் என் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவள் கையைக் கடித்தேன், வாயில் ரத்தம் வந்தது. அது அவள் ரத்தம்.

யாரோ ஒருவன் டெம்போவிலிருந்து டீசல் பிடித்துக்கொண்டு வந்தான். தம்பி மேல் ஊற்றினான். அந்த வாடை வந்ததும் எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. இவர்கள் வைக்கோல் பொம்மையைக் கொளுத்திப் பழகியவர்கள். இரண்டடி தள்ளி ஜீப் எரிந்துகொண்டிருந்தது. நான் போய் அவன் மேல் குப்புற விழுந்தேன். என்னையும் சேர்த்துக் கொளுத்துங்கள் என்று சொன்னேன். வீரத்தில் சொல்லவில்லை. வேறு எதுவும் தோன்றவில்லை. என் முதுகிலும் இடுப்பிலும் அடி விழுந்தது, மிதி விழுந்தது. அவன் முகம் என் கழுத்துக்குக் கீழே இருந்தது. வாயில் ரத்தம் நிறைந்து மூச்சு கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. எனக்கு மேலே, என்னைத் தாண்டி யாரையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அடி திடீரென்று நின்றது.

கோயில்பிள்ளை வந்திருந்தார். திருவட்டாறு பஸ்ஸில் வந்து இறங்கி, மகள் கொடுத்த மரச்சீனிக்கிழங்கைப் பையில் தூக்கிக்கொண்டு, புகையைப் பார்த்து ஓடிவந்திருக்கிறார். ‘ஏலே, என்னத்துக்குலே அவனைக் கொல்லுதிய?’ என்று கேட்டார். மூச்சு வாங்கியது, ஆனால் குரல் கணீரென்று இருந்தது. நாற்பது ஐம்பது பேர் அவர் வாயைப் பார்த்தார்கள். நானும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நாக்கு அதன் இடத்தில் இருந்தது.

பின்னாலிருந்து யாரோ ஒருத்தன் சிரித்தான். பதற்றத்தில் வந்த சிரிப்பு என்று எல்லோரும் அவனுக்காகப் பேசுகிறார்கள். நான் அதை மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை. அவர்கள் கையில் இருந்ததை எல்லாம் கீழே போட்டார்கள். கம்பி தரையில் விழும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. கோயில்பிள்ளைக்கு விஷயம் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் கிழங்குப் பையோடு மண்ணில் உட்கார்ந்து, தன் வாயில் தானே அறைந்துகொண்டு அழுதார்.

தம்பியை ஆட்டோவில் ஏற்றியது என் கணவர்தான். இரண்டு கையாலும் வாரித் தூக்கினார். அழுதார். அவர் சட்டை முழுக்க ரத்தம். தூக்கியதில் பட்ட ரத்தம் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கம்பி வைத்து வாயைக் கட்டிவிட்டார்கள், குழாயில்தான் ஆகாரம். தோள்பட்டை நொறுங்கியிருந்தது. இடது கண்ணில் பார்வை இனி வராது என்று டாக்டர் சொன்னார். போலீஸ் வந்து ஒவ்வொரு வீடாகக் கேட்டது. ஒருத்தரும் ஒன்றும் பார்க்கவில்லையாம். அத்தனை பேர் கூடிய இடத்தில் ஒரு ஜோடிக் கண்கூட இல்லாமல் போனது அதிசயம்தான். தம்பியிடம் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, இவனா, இவனா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையை இல்லை என்று ஆட்டினான். நான் எனக்குத் தெரிந்த மூன்று பெயரைச் சொன்னேன். துடுப்புக்காரன், டீசல் ஊற்றியவன், பெரியம்மா. அன்றையிலிருந்து காலனியில் என்னோடு பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள். கோயிலில் என் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

துரையை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் முதல் வேலையாக மணிக்கு நாக்கை மாட்டச் சொன்னார், வலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அன்றைக்கு வெடி போட்டார்கள், பாயசம் வைத்தார்கள். துரையை விரட்டிய கதை இப்போது ஒரு வீரக்கதை ஆகிவிட்டது. கேட்டால் எனக்கே புல்லரிக்கும், அவ்வளவு நன்றாகச் சொல்கிறார்கள். அதில் தம்பி வருவதில்லை. அவனை அடித்தவர்களில் யாரோ சிலர் நல்ல மீனாகப் பார்த்து, நெய்மீன், விளமீன் என்று, எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். யார் வைத்தது என்று தெரியாது. வாயைக் கம்பியால் கட்டிக்கிடப்பவனுக்கு நெய்மீன். நான் எடுத்துப் பூனைக்குப் போட்டேன்.

அந்த நாட்களில் என் கணவர் கடலுக்குப் போகவில்லை. கூடவே இருந்து பார்த்தார். கஞ்சியை வடிகட்டிக் குழாயில் விட்டார், குளிப்பாட்டினார், கக்கூசுக்குத் தாங்கிக்கொண்டு போனார். இப்படி ஒரு அத்தான் யாருக்கு வாய்க்கும் என்று ஆஸ்பத்திரியில் நர்சுமார் சொன்னார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. தம்பி மட்டும் அவர் தொடும்போது உடம்பை விறைத்துக்கொள்வான். வலி என்று நினைத்தேன்.

கம்பியை எடுத்த அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். என் கணவர் சாளை மீனில் முள் எடுத்து, சோற்றோடு குழையப் பிசைந்து, தட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு ஊட்டினார். தம்பி மெதுவாக விழுங்கினான். பாதியில் என் கணவர், இனி வாய் வந்துவிட்டது, போலீசுக்குச் சொல்லாவிட்டால் போகட்டும், அடித்தவன் எவன் என்று தன்னிடம் மட்டும் சொன்னால் போதும், தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஏன் அதைக் கேட்டார் என்று நான் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். இவன் பார்த்தானா இல்லையா என்று தெரியாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை என்றுதான் தோன்றுகிறது.

தம்பி வாயிலிருந்ததை விழுங்கினான். தாடை இன்னும் சரியாக அசையவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

‘எல்லாவனும் துரையத்தான் அடிச்சானுவ அத்தான். நீங்க என்னையப் பாத்துட்டு அடிச்சிய.’

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. துரையின் ஆளுக்கு அத்தான் என்றால், கூட்டத்தில் மற்றவர்களைவிட ஓங்கி அடித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த அடி தனக்கு. மறுபடி அதே படகில், அதே ஆட்களோடு, நடுக்கடலில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டியவர் அவர். இதை வேறு ஒருவர் வீட்டில் நடந்ததாகச் சொல்லியிருந்தால், நானே உட்கார்ந்து விளக்கியிருப்பேன். வாயில் விழுந்த அந்த இரண்டாவது அடி யாருடையது என்று நான் கேட்கவில்லை. தம்பியும் சொல்லவில்லை.

என் கணவர் மீதிச் சோற்றையும் ஊட்டி முடித்தார். ஒரு பருக்கை சிந்தவில்லை. தட்டைக் கொண்டுபோய்க் கழுவினார். மறு வாரமே படகில் ஏறினார்.

தம்பி பின்னறையில்தான் இருக்கிறான். என் கணவர் வரும்போது இருவரும் பேசிக்கொள்வார்கள், மீன் விலை, மழை, டீசல் என்று. எங்கள் கரையில் புருஷன் கடலுக்குப் போனால் பெண்கள் தூங்கமாட்டார்கள். காற்று மாறினால் எழுந்து உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டுவார்கள். நானும் கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் இருந்தேன். இப்போது அவர் கடலில் இருக்கும் நாட்களில்தான் நான் நன்றாகத் தூங்குகிறேன்.